தலை இல்லாத மீன் படம்

படகில் ஐந்து பேர்.

பட்டுக்கடை முதலாளி ஏகாம்பரம். அவர் மனைவி கனகம்மா. கனகம்மாவின் தம்பி தணிகாசலம். படகு ஓட்டிய அப்பாராவ். ஐந்தாவது நான்.

வண்டி எடுக்கும் முன் தலை எண்ணுவது நம் வேலை. எழுதுவதற்கு முன்னாலும் எண்ணிவிட்டேன். இனி எடுக்கலாம்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு. டூரிஸ்ட் பஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். சமையல் பார்த்தேன். அப்புறம் டூர் மேனேஜர் ஆனேன். போன வருஷம் நின்றுவிட்டேன். டிக்கெட் போடுவது, ரூம் போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போனிலேயே முடிக்கிறீர்கள். வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது போனில் வராது. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் திருப்பதி.

எனக்கு வேலை பழக்கியவர் ஒருவர். பேர் வேண்டாம். அவரோடு திருப்பதி போன பஸ்ஸில் ஒரு குடும்பம். மகளுக்குச் சம்பந்தம் முடிந்து, சம்பந்தி வீட்டாரும் அதே பஸ்ஸில் வந்தார்கள். பெண்ணின் அப்பா மொட்டை போடுவதாக அவர் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். திருத்தணியில் டீக்கு நின்றபோது பெண்ணின் அப்பா முகம் வெளுத்து எங்களிடம் வந்தார். அவர் தலையில் இருந்தது விக். சம்பந்திக்குத் தெரியாது.

எங்கள் ஆள், அதுதான் எனக்கு வேலை பழக்கியவர், தலையை மட்டும் ஆட்டினார். மலைக்குப் போனதும் அவரை மட்டும் முன்னால் அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மொட்டைத் தலை, மேலே சந்தனம். சம்பந்தி பார்த்துவிட்டு, “மொட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க” என்றார்.

எனக்குப் பசி. எங்கள் ஆளின் புளிசாதப் பையில் கை விட்டேன். முடி.

கத்தப் போனேன். வாயைப் பொத்தினார்.

“என்னடா பாத்த?”

“முடிண்ணா.”

“என்ன பாத்த?”

“முடி...”

“என்ன பாத்த?”

“ஒண்ணும் பாக்கலண்ணா.”

“இப்ப சாப்புடு.”

சாப்பிட முடியவில்லை. ஆனால் வேலை பிடிபட்டது. மூன்று மாசம் கழித்துப் பெண்ணின் அப்பாவுக்கு முடி வளர்ந்தது. ஒரே நாளில் வளர்ந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். யார் ஒளிந்து பீடி குடிக்கிறார், விரதம் இருக்கிற யார் நெல்லூரில் ஆம்லெட் சாப்பிடுகிறார் என்று எல்லாம். பார்த்தேன், பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓட்டினேன். ஒரே ஒரு தடவை அது போதவில்லை. அதுதான் தீவுப் பயணம்.

ஏகாம்பரம் முதலாளியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை நம்மோடு காசி வருவார். அவர் கடையில் டூப்ளிகேட் ஜரிகை கிடையாது. வாசப்படியைத் தாண்டினதே இல்லை என்று சொல்வார். கடை போர்டிலும் எழுதிவைத்திருக்கிறார். வருகிறவர் புடவையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தே எந்த ஊர் நெசவு, எந்த ஜரிகை என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதில் ஒரு கிறுக்கு பிடித்தது. போனில் ஏதோ பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரன் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று நீளக் குச்சியால் கயிற்றை முன்னும் பின்னும் வீசுகிறான். நுனியில் புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதைச் சின்ன மீன் என்று நினைத்துப் பெரிய மீன் கடிக்கும். பிடித்தபின் விட்டுவிடுவார்கள்.

குச்சி வரவழைத்தார். விடிந்ததும் தாமல் ஏரிக்குப் போவார். கொக்கி இல்லாமல் வெறும் கயிற்றை வீசிப் பழகுவார். மாடு மேய்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மொதலாளி ஏரியைச் சாட்டையால அடிக்கிறாரு என்று ஊரெல்லாம் பேச்சு. ஐந்து வருஷம் அடித்தார். ஏரி ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அறுபதாம் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, கடலுக்குப் போய் ஒரு மீன் பிடிக்க வேண்டும் என்றார். அன்றைக்கு டிக்கெட் விஷயமாக நானும் அங்கே இருந்தேன்.

கனகம்மா கேட்டார். “பிடிச்சு?”

“விட்டுடுவேன்.”

“விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?”

“அதுதான் வெளையாட்டு.”

“வெளையாட்டுன்னு மீனுக்குத் தெரியுமா?”

கனகம்மா யோசித்தார். பிறகு தீர்த்துச் சொன்னார்.

“ஒரு தடவை போலாம். நானும் வருவேன். மீன் சாகக்கூடாது. பிடிச்சிட்டா உங்க இஷ்டம், எத்தினி வருஷம் வேணா வீசுங்க. பிடிக்கலைன்னா குச்சி பரணுக்குப் போயிடணும். அப்புறம் ஏரிப்பக்கம் போவக்கூடாது. தெருவுல என்னால தலைகாட்ட முடியல.”

முதலாளி சரி என்றார். குரல் இறங்கிவிட்டது.

ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். நம் ஆபீஸ் அதுவரை ஆள் கூட்டிப் போன தீவு ராமேஸ்வரம் ஒன்றுதான். இது அந்தமான். விமானம், பிறகு கப்பல், பிறகு அப்பாராவின் படகு. நான் கோயில் இட்லி கட்டி எடுத்துக்கொண்டேன். மிளகும் சுக்கும் போட்டது, ஐந்து நாள் தாங்கும். மீன் தவிர ஒன்றும் கிடைக்காத இடத்துக்குச் சைவக்காரர் மூன்று பேரைக் கூட்டிப் போகிறேன். வேறு வழியில்லை.

பொய்ப்பூச்சி எல்லாம் முதலாளியே கடையில் உட்கார்ந்து கட்டினார். அசல் ஜரிகையில். கடையில் வாங்கிய பூச்சி வேண்டாம் என்றார். “கடலுக்குப் போனாலும் நம்ம சரக்குதாம்பா” என்றார். பெட்டியைத் திறந்தால் அம்மன் நகைப் பெட்டி மாதிரி இருந்தது.

சென்னை விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிவிட்டது. கனகம்மா பெட்டியைத் திறந்து மாற்றி அடுக்கினார். பட்டுப் புடவையைச் சுருட்டி ஓரத்தில் திணித்து அதன் மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்தார். நான் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவன். பட்டு மேல் யாரும் ஊறுகாய் வைக்க மாட்டார்கள்.

பார்த்தேன். பார்க்கவில்லை.

முதல் நாள். கடல் கண்ணாடி மாதிரி. கரையிலிருந்து ரொம்ப தூரம் முழங்கால் தண்ணீர்தான், அடியில் வெள்ளை மணல். கனகம்மா மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையோடு படகிலிருந்து தண்ணீரில் இறங்கி மணல்திட்டுக்குப் போனார். தீவுக்கு எதற்குப் பட்டு என்று அப்பாராவ் என்னிடம் கேட்டார்.

“கடை மொதலாளி வீட்டம்மா வேற எதுனா கட்டினா ஊர் என்ன சொல்லும்?”

அப்பாராவ் சுற்றிலும் பார்த்தார். ஊர் இல்லை.

முதலாளி வீசினார். ஐந்து வருஷப் பழக்கம், கயிறு நன்றாகப் போனது. பூச்சி தண்ணீருக்குள் தீபம் மாதிரி மின்னியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய நிழல் அதன் பின்னாலேயே வந்தது. பாறை மீன். கைக்குழந்தை நீளம் இருக்கும்.

“குச்சியைத் தூக்காதீங்க சார்! நூலை இழுங்க!” என்று அப்பாராவ் கத்தினார். கயிற்றைத்தான் அவர் நூல் என்பார்.

முதலாளி கற்பூரத் தட்டைத் தூக்குவது போலக் குச்சியை இரண்டு கையாலும் தூக்கினார். பூச்சி மீன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வானத்துக்குப் போனது.

“அய்யோ, போயிந்தி!” என்றார் அப்பாராவ். தெலுங்கு தெரியாதவருக்கும் புரிந்தது.

குடையைப் பிடித்தபடி தணிகாசலம், “மாமா, மீனுக்கு மரியாதை பண்ணது போதும். பிடிங்க” என்றார்.

அப்படி மூன்று மீன் வந்தது. மூன்றுக்கும் கற்பூரம் காட்டினார். ஆனால் முகம் பூராவும் சிரிப்பு. “பாத்தியாப்பா, நம்ம ஜரிகைக்கு வந்துச்சு” என்றார். சாயங்காலம் நனைந்த பூச்சிகளைக் காய்ந்த பூச்சிகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

இரண்டாம் நாள் காலை பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாம் அடுப்புக்கரி. தொட்டால் கையில் ஒட்டுகிறது.

வேர்வை பட்டால் ஜரிகை கறுத்துவிடும், கட்டியதும் காற்றாட விடுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லி அனுப்புகிறவர் அவர். கடலில் இருப்பதும் உப்புத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கறுத்த பூச்சியையே வீசினார். மீன் பக்கத்தில் வந்து, பார்த்து, திரும்பிப் போனது. மீன் என்ன நினைத்ததோ தெரியாது. அப்பாராவ் கையில் இரண்டு பூச்சி வைத்திருந்தார். ஒன்று பவளப்பாறையில் மாட்டி அறுந்தது. இன்னொன்று காற்றில் திரும்பி வந்து தணிகாசலத்தின் பேண்ட்டில் பின்பக்கம் மாட்டியது. அவர் எடுக்க விடாமல் ஓடினார். கடைசியில் இடுக்கியால் வெட்டி எடுத்தோம். பூச்சி பிழைக்கவில்லை. தணிகாசலம் பிழைத்தார்.

சாயங்காலம் முதலாளி தங்கிய குடிசை வாசலில் உட்கார்ந்தார். கொக்கி இருந்தது, இறகு இருந்தது. மின்னுவதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி.

“பரண்ல எடம் இருக்குதா மாமா, நான் போய் ஒழிச்சு வெக்கவா?” என்றார் தணிகாசலம்.

முதலாளி திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. காசிக்குப் போகும்போது ரயில் ஒன்பது மணி நேரம் நின்றதற்குக்கூட என்னைத் திட்டியவர். குச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து, மூன்றாகக் கழற்றி, உறையில் போட்டார்.

நான் இட்லி எடுக்கக் கொல்லைப்புறம் போனேன். அங்கே கொடியில் கனகம்மாவின் புடவை காய்ந்தது. இரண்டு நாள், நான்கு தடவை கடலில் நனைந்த புடவை. கையகல பார்டர். ஒரு புள்ளி கறுக்கவில்லை, புது எவர்சில்வர் குடம் மாதிரி பளபளவென்று இருந்தது.

நின்றுவிட்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னால் அவர் மீன் பிடிப்பார். கனகம்மா மானம் போகும். தணிகாசலத்திடம் சொன்னால் நாங்கள் ஊர் போய்ச் சேரும் முன்னால் விஷயம் பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி ரோடு போய்ச் சேரும். யாரிடமும் சொல்லாவிட்டால் குச்சி பரணுக்குப் போகும். பார்த்தேன், பார்க்கவில்லை என்று போவதுதான் எனக்குப் பழக்கம். கால் நகரவில்லை. அந்த உறை மூடிய சத்தம் காதில் இருந்தது.

கனகம்மா துணி எடுக்க வந்தார்.

“அம்மா, புடவை நல்லா காஞ்சிடுச்சு.”

“ம்.”

“ஐயா பூச்சி எல்லாம் கறுத்துப் போச்சும்மா.”

“பாத்தேன்.”

“உப்புத்தண்ணி.”

அவர் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீ எந்த ஊருப்பா?”

“பிள்ளையார்பாளையம்மா.”

“அப்ப தெரிஞ்சுபோச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பூச்சி கறுத்துப் போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். இட்லி எடுத்துக்கினு போறேன்.”

நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“கத்திரிக்கோல் வெச்சிருக்கியா?”

“மருந்துப் பெட்டியில இருக்குதும்மா.”

“எடுத்தா.”

முந்தானையைத் தொடவில்லை. கட்டினால் உள்ளே போகிற முனையில் பார்டரை ஒரு முழம் வெட்டினார். ஜரிகையை இழை இழையாக உருவினார். நேராக வாசலுக்குப் போய் முதலாளி மடியில் போட்டார்.

“இந்தாங்க.”

“ஏது?”

“மீனுக்குத்தானே. வாங்கி வைங்க.”

முதலாளி ஓர் இழையை எடுத்தார். கை தானாக நகத்தால் சுரண்டியது. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். இதில் வெள்ளை தெரிந்தது. இன்னொரு இழை சுரண்டினார். வெள்ளை.

“கனகம்.”

“என்ன?”

“இது நம்ம கடைப் புடவை இல்ல.”

“இல்ல.”

“பட்டே இல்ல.”

“இல்ல. மூணு வருஷமா வெளியூர் போறப்ப இதுதான் கட்டறேன். கனமில்ல, தொவைக்கலாம், மடிக்க வேணாம். ஊர்ல எவ வந்தாலும் முந்தானையைப் பாக்கறீங்க. நான் உங்க எதுக்கவே நிக்கறேன்.”

முதலாளி அவர் முந்தானையைப் பார்த்தார்.

தணிகாசலம் எழுந்துவிட்டார். “அக்கா! நம்ம வீட்டுலயா? டூப்ளிகேட்டா? ஊருக்குத் தெரிஞ்சா...”

“நீ வாயை மூடு. ஒன் பொண்டாட்டிக்கும் ரெண்டு வாங்கிக் குடுத்திருக்கேன். ஒன் பையன் காதுகுத்துக்கு அதைத்தான் கட்டிக்கினு நின்னா.”

தணிகாசலம் குடையை எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போனார்.

முதலாளி இழைகளை மடியிலிருந்து வழித்துக் கையில் எடுத்தார். நான் இட்லித் தட்டோடு நின்றேன். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போயிருந்தால் நான் செய்தது தப்பு. இரண்டு பேருக்கும் தப்பு. அப்படித்தான் ஆகும் போலிருந்தது.

“எவ்ளோ?” என்றார்.

“என்ன எவ்ளோ?”

“வெலை.”

“மீனைப் பிடிங்க. சொல்றேன்.”

முதலாளி உறையைத் திறந்து கொக்கிப் பொட்டலத்தை எடுத்தார்.

மூன்றாம் நாள். ராத்திரியில் கட்டி முடித்தது மூன்றே மூன்று பூச்சி. ஒன்றை ஊசி மீன் கடித்துத் துண்டாக்கியது. இரண்டாவது கரையோர மரவேரில் மாட்டி அறுந்தது. மூன்றாவதை முதலாளி கயிற்றில் இரண்டு தடவை கட்டி அவிழ்த்தார். அப்பாராவ் கட்டிக் கொடுத்தார்.

வெயில் ஏறியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. அப்பாராவ் என்னிடம், இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் இங்கே நிற்க முடியாது என்றார். நான் முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவசரப்படுவார்.

நிழல் வந்தது. முதலாளி வீசினார். பூச்சி மின்னியது. முதல் நாளைவிட அதிகமாகவே மின்னியது. எழுத வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நிழல் திரும்பியது. முதலாளியின் முழங்கை மேலே எழுந்தது. கற்பூரம் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன்.

“நூலை இழுங்க!”

அப்பாராவ் இல்லை. கனகம்மா. மணல்திட்டில் எழுந்து நின்று கத்தினார். முதலாளி முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவர். குச்சியைத் தாழ்த்தி நூலை இழுத்தார்.

கடல் வெடித்தது.

கயிறு கிர்ரென்று ஓடியது. முதலாளி பின்னாலேயே ஓடினார். விழுந்தார், எழுந்தார். செருப்பு ஒன்று மிதந்து போனது. கனகம்மா புடவையோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். “விடாதீங்க, விடாதீங்க!” மீன் பக்கத்தில் வந்து முதுகு தெரிந்ததும், “விடுங்க, விடுங்க, சாவப்போவுது!” மறுபடி அது ஓடியதும், “ஐயோ, விட்டுடாதீங்க!” என்ன செய்வது என்று மீனுக்கும் தெரிந்திருக்காது.

ஒரு வழியாக அப்பாராவ் வாலைப் பிடித்தார். கொக்கியை எடுப்பதற்கு முன் தணிகாசலம் போனில் ஒரு படம் எடுத்தார். கொக்கியை எடுத்தார்கள். மீன் ஒருக்களித்தது. வெள்ளை வயிறு மேலே வந்தது.

“சாவக்கூடாதுன்னு சொன்னேன்ல!”

“சாவாதும்மா. களைச்சுப் போச்சு. வாலைப் பிடிச்சு நேரா நிறுத்தி வெச்சா மூச்சு வாங்கிக்கும்” என்றார் அப்பாராவ். முதலாளி கையை நீட்டினார். மீன் வழுக்கியது.

“தள்ளுங்க” என்றார் கனகம்மா. முந்தானையை இழுத்துச் செருகினார். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத கை. வாலை ஒரு கையிலும் வயிற்றை ஒரு கையிலும் பிடித்து, தண்ணீரில் குனிந்து நின்றார். திட்டிக்கொண்டே நின்றார். முதலில் முதலாளியை, பிறகு குச்சியை, பிறகு மீனை. “மூச்சு விடு. விடுன்னா விடேன். ஒன்ன யாரு இதைக் கடிக்கச் சொன்னது?”

செவுள் அசைந்தது. வால் ஒரு அடி அடித்தது. கனகம்மா தலையோடு நனைந்தார். மீன் போய்விட்டது.

இரண்டு பேரும் இடுப்புத் தண்ணீரில் நின்று அது போன பக்கம் பார்த்தார்கள். நான் கரையைப் பார்த்தேன்.

படகில் ஏறியதும் தலை எண்ணினேன். சரியாக இருந்தது. முதலாளி படத்தைக் கேட்டார். தணிகாசலம் நன்றாகவே எடுத்திருந்தார். முதலாளி, மீன், கடல், எல்லாம் தெளிவு. முதலாளி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மீன் உதட்டில் பூச்சி. பளபள.

“தெரியுதே” என்றார்.

“என்ன தெரியுது மாமா?”

“டூப்ளிகேட்டு தெரியுது. ஊர்ல எவன் பாத்தாலும் சொல்லிடுவான்.”

இப்போதும் கடைக்குப் போனால் பார்க்கலாம். கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். முதலாளி முழுசாக இருப்பார். மீன் செவுளிலிருந்து வால்வரைதான் இருக்கும். தலை கிடையாது. ஏன் என்று வாடிக்கையாளர் கேட்டால், பெரிய மீன், படத்தில் அடங்கவில்லை என்கிறார். நீங்கள் போனால் கேட்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் தாமல் ஏரியில் வீசுகிறார். கனகம்மா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூலை இழுங்க என்கிறார். ஏரியில் கொக்கி கிடையாது. ஆனாலும் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லாதீர்கள். சொல்லியே தீர வேண்டும் என்றால் அது யாருடையதோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அதையும் பாதியில் நிறுத்துங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

திரும்பி வரும் கப்பலில் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் கடைசி இட்லியைப் பிரித்துக் கொடுத்தேன். முதலாளி சாப்பிட்டுக் கையைக் கழுவினார்.

“கனகம்.”

“என்ன?”

“மீன் பிடிச்சாச்சு.”

“ஆமா.”

“அந்தப் புடவை எவ்ளோ?”

“தனியா தர்றதில்லீங்க. நாலு சேத்துத்தான் குடுப்பான்.”

“சரி. நாலும் எவ்ளோ?”

கனகம்மா கடலைப் பார்த்தார்.

“ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது.”